கும்பம் தாண்டும் வரை

இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் விழிஞ்ஞத்தில் செடி வாங்காத வீடு குறைவு. முக்கோலைப் பக்கம் சாலையோரத்தில் கறுப்புப் பைகளில் தெற்றியும் செம்பருத்தியும் பிச்சியும் அரளியும் நனைந்தபடி வரிசைகட்டி நிற்கும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்று பள்ளிக்கூடங்களும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கன்றைக் கொடுத்து அனுப்பும். எல்லாம் மண்ணுக்குள் போகும். வானம்தான் ஊற்றுகிறதே, வாளியை எதற்குத் தூக்க வேண்டும் என்று நட்டவர் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விடுவார். ஓணத்துக்கு அத்தப்பூ போடும் நேரத்தில் பார்த்தால் பல கன்றுகள் குச்சியாகியிருக்கும். கேட்டால் மண் சரியில்லை, கடற்காற்று, கைராசி இல்லை என்று மூன்றில் ஒன்று பதிலாக வரும். மழைக்காலத்தில் ஒரு செடி தாகத்தால் செத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிச்சிக்கு ஓரடிக்கு ஓரடி குழி எடுப்பது வழக்கம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 சென்டிமீட்டர் என்றால் குழிக்குள் 27 லிட்டர் மண் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நின்றாலே செடிக்கு நல்ல காலம்தான். சுமார் ஐந்தரை லிட்டர். இப்போது 10 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வையுங்கள். குடை எடுக்காமல் போனவர் தொப்பலாக வீடு வந்து சேரும் மழை அது. அந்த மழை குழிவாயில் நேராக இறக்குவது 900 மில்லிலிட்டர், ஒரு சொம்புத் தண்ணீர். இலை தடுத்ததையும் சரிவில் ஓடியதையும் கழித்தால் அதுவும் இல்லை. மேலே இரண்டு விரற்கடை மண் கறுத்துப் பளபளக்கும். கிளறிப் பார்த்தால் கீழே பழைய வெளிறிய சிவப்புதான்.

கேரளம் என்றாலே மழை என்பது வடக்கே இருப்பவர்களுக்குப் பொருந்தும். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். எங்களுக்குப் பக்கத்துத் தலைநகரமான திருவனந்தபுரத்துக்கு வாய்ப்பது 2,000-க்கும் கீழே. அதுவும் தென்மேற்குப் பருவத்தில் கொஞ்சம், ஐப்பசி துலாமழையில் கொஞ்சம் என்று பிய்த்துப் பிய்த்துத்தான். நடுவில் ஆவணியில் வாரக்கணக்கில் வெயில் அடிக்கும். விழிஞ்ஞத்திலிருந்து வெள்ளாயணி வரையில் கிடப்பது ஆழமான செம்மண். கேரளத்தின் மற்ற இடங்களில் மண்வெட்டியை மழுங்கடிக்கும் செம்புறைக்கல் போல அல்லாமல் பொலபொலவென்று இருக்கும். கையில் எடுத்தால் விரலெல்லாம் சிவக்கும். வேர் ஓடுவதற்கு இதைவிட நல்ல மண் கிடையாது. தண்ணீர் ஓடுவதற்கும் அப்படித்தான். காலையில் விட்டது சாயங்காலத்துக்குள் எங்கோ ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். புதுக்கன்றின் வேர் அந்த ஆழத்துக்குப் போக இன்னும் ஒரு வருடமாவது பாக்கி இருக்கும்.

புதுக்கன்றுக்கு வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பையைக் கிழிக்க வேண்டும். பிளேடால் ஒரு கோடு இழுத்து உரித்தால் உள்ளே இரண்டு கையளவு மண் கட்டி. அதைச் சுற்றிச் சுற்றி வெள்ளை நூலாக வேர். பைக்கு வெளியே போக வழியில்லாமல் அடியில் வளையமாகச் சுருண்டு கிடக்கும். இப்போதெல்லாம் நர்சரிக்காரர்கள் எடை குறையட்டும் என்று மண்ணுக்குப் பதில் தென்னைநார்த் தூள்தான் அதிகம் போடுகிறார்கள். அந்தத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை தன் எடையைப் போலப் பலமடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒருமுறை கட்டி முழுக்கக் காய்ந்து சுருங்கிவிட்டால் பிறகு ஊற்றும் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து சுற்றியிருக்கும் மண்ணுக்குள் இறங்கிவிடும். சுற்றுமண் சேறாக இருக்கும், நடுக்கட்டி தூசியாக இருக்கும். செத்த கன்றைப் பிடுங்கி, அடிக்கட்டியை உடைத்துப் பாருங்கள். ஈரத்தின் நடுவே ஒரு பிடி வறட்சி அப்படியே இருக்கும். பையிலிருந்த வடிவம்கூட மாறியிருக்காது.

இதனால்தான் முதல் சில வாரங்களுக்குத் தண்ணீர் செடியின் தண்டடியில் விழ வேண்டும், சுற்றிக் கட்டிய பாத்தியில் விழுந்தால் போதாது. வேர் கட்டியை விட்டு வெளியே நீளத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தை வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே வேர் போகும் என்று சொல்கிறார்கள். பாதிதான் சரி. காய்ந்த மண்ணுக்குள் வேர் தேடிக்கொண்டு போகாது. ஈரமான மண்ணுக்குள்தான் நீளும். ஆகவே போக வேண்டிய இடத்தை நாம் முன்கூட்டியே நனைத்துவைக்க வேண்டியிருக்கிறது.

தோவாளைப் பக்கம் பூக்காட்டில் வேலை செய்த ஒரு அண்ணாச்சியிடம் பிச்சிக்கன்று வாங்கியபோது அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: “தெனம் ஒரு செம்பு ஒரு செம்பா விட்டு செல்லங் குடுக்காதீங்க மக்களே. விட்டா குழி நெறயணும். பெறவு மண்ணு காயட்டும். வெரல உட்டுப் பாருங்க, ரெண்டு கணு வரைக்கும் ஈரம் இல்லேன்னா மட்டும் விடுங்க.” தோவாளைக்காரர்களுக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்று, எங்களைவிடக் குறைவான மழையில், திருவனந்தபுரத்துக் கோயில்களுக்கும் ஓணச் சந்தைக்கும் பூ அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் அது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. எல்லை வந்த பிறகும் பூக்கூடைகள் களியக்காவிளை வழியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது செல்லம் என்ற சொல். சாயங்காலம் நைட்டியோடு ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு இலைமேல் பன்னீர் தெளிப்பது மாதிரி தெளித்துவிட்டுப் போவது எங்கள் தெருவில் அன்றாடக் காட்சி. செடி கழுவிவிட்டதுபோல் அழகாக இருக்கும், மண்வாசனை வரும், மனசுக்கு இதமாக இருக்கும். செடிக்கு என்ன ஆகிறது என்றால், மேல்மண்ணில் மட்டும் ஈரம் நிற்பதால் வேரும் மேல்மண்ணிலேயே படர்ந்துவிடுகிறது. நான்கு நாள் வெளியூர் போய் வந்தால் தொங்கிப்போகும். ஐந்து வருடம் ஆன செம்பருத்தி இன்றும் தினமும் தண்ணீர் கேட்கிறது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செம்பருத்தியை அப்படிப் பழக்கியது அவர்கள்தான். அந்த மாலைநேரத் தெளிப்பில் செடியைவிடத் தெளிப்பவருக்கே லாபம் அதிகம் என்பது என் எண்ணம்.

நண்பகலில் ஊற்றினால் இலையில் நிற்கும் துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுட்டுவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலைகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. துளியைத் தூக்கிப்பிடிக்கும் ரோமம் உள்ள இலைகளில்தான் சுடும் வாய்ப்பு இருந்தது. நண்பகலில் ஊற்ற வேண்டாம் என்பதற்கு வேறு நல்ல காரணம் உண்டு: ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். விழிஞ்ஞத்தில் இலை ஓரம் கருகினால் குற்றவாளி பெரும்பாலும் உப்பு. காற்று கடலிலிருந்து ஏறி வரும் நாட்களில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்பு இலையிலும் படிகிறது. நுனி பழுப்பாகிறது, ஓரம் சுருள்கிறது, பார்த்தால் அசல் தாகம் மாதிரியே இருக்கும். உடனே இரண்டு வாளி அடியில் ஊற்றுகிறோம். அடியில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வேர் அழுகி, தாகம் போலத் தெரிந்தது உண்மையான சாவாகிறது. அப்படிப்பட்ட நாளில் செய்ய வேண்டியது ஒரு சொம்பு நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுவது மட்டும்தான். அரளிக்கு அதுவும் வேண்டாம். அது உப்பையும் காற்றையும் பொருட்படுத்துவதில்லை. ஆடும் கடிக்காது, மாடும் கடிக்காது. கடலோரத்து ஏழைகளின் முற்றத்தில் அரளி நிற்பது தற்செயல் இல்லை.

மலையாளிகளுக்கு நடவுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் பதின்மூன்று பதினான்கு நாளை ஒரு ஞாற்றுவேலை என்பார்கள், வருடத்துக்கு 27. அதில் ஜூன் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலைதான் ராஜா. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் அந்த இரண்டு வாரத்தில் ஒடித்து ஊன்றிய கொம்பும் துளிர்க்கும் என்பது வாக்கு. போர்ச்சுக்கீசியர்கள் மிளகுக்கொடியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் பதறிப்போய்ச் சொன்னார்களாம். கொடியைக் கொண்டுபோகட்டும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று அவர் சொன்னதாகக் கதை. கேரளத்தில் இதைச் சொல்லாத விவசாய அதிகாரி கிடையாது.

கதை அழகானது. ஆனால் சாமூதிரி சொன்னது முளைப்பதைப் பற்றி. பிழைப்பதைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. திருவாதிரையில் துளிர்த்த கொம்பு கன்னி, துலாம் தாண்டி, தனுவில் பனி பார்த்து, கும்பத்தில், அதாவது நம் மாசியில், வந்து நிற்கும்போது மேல்மண் பிளக்கத் தொடங்கியிருக்கும். அங்கேதான் சோதனை. மிளகுத் தோட்டக்காரர்களுக்கு அது தெரியும். இளங்கொடிக்கு நிழல் கட்டி, முதல் கோடையில் தண்ணீர் விட்டுத்தான் கரையேற்றுவார்கள். சாமூதிரிக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மலைமேல் பூந்தோட்டம் போட்ட ஒருவரின் கதை இதைவிடத் தெளிவானது. திருவேங்கட மலையில் பெருமாளுக்குப் பூத்தொண்டு செய்யப் போகிறவர் யார் என்று ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் தம் சீடர்களைக் கேட்டபோது குளிருக்கும் காட்டுக்கும் பயந்து எல்லோரும் மௌனமாக இருந்தார்களாம். எழுந்தவர் அனந்தன். அவரை அனந்தாழ்வான் என்கிறது வைணவ மரபு. மனைவியோடு மலையேறிப் போய் நந்தவனம் அமைக்கத் தொடங்கியதும் அவர் முதலில் செய்த காரியம் குளம் வெட்டியதுதான். பூச்செடி வைப்பது பெரிய வேலையில்லை. மாலைக்கு ஆண்டு முழுதும் பூ வேண்டுமென்றால் நிலைத்து நிற்கும் செடி வேண்டும், செடி நிலைக்கும்வரை அருகிலேயே தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அவர் வெட்ட, பிள்ளைத்தாய்ச்சியான மனைவி மண்கூடை சுமந்தாள். ஒரு சிறுவன் வந்து கூடையை வாங்கிக்கொண்டான். அடுத்தவர் உதவியை ஏற்காத பிடிவாதக்காரரான அனந்தாழ்வான் கோபத்தில் கடப்பாரையை வீச, அது பையனின் மோவாயில் பட்டது. கோயிலில் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். இன்றும் அங்கே பச்சைக்கற்பூரம் சாத்துவது அதனால்தான் என்பார்கள். அந்தக் கடப்பாரையைத் திருமலைக் கோயிலின் நுழைவாயிலில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.

பக்தர்கள் அந்தக் கதையில் கற்பூரத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது மண்கூடை. எத்தனையோ கதைகளில் அடியார்கள் பூப்பறிக்கிறார்கள், மாலை தொடுக்கிறார்கள், சூட்டுகிறார்கள். செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கதையின் நடுவே வைத்தது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அந்தத் தண்ணீருக்காக மண் சுமந்தவள் ஒரு கர்ப்பிணி என்பதையும் கதை மறைக்கவில்லை. அனந்தாழ்வான் காலமான பிறகு அந்தத் தோட்டத்தின் மகிழமரமாக நிற்கிறார் என்று நம்பி, இன்றும் அங்கே அவருக்கு விழா எடுக்கிறார்கள். மகிழமரத்துக்கு யாரும் வாளி தூக்க வேண்டியதில்லை.

பாரியின் முல்லையை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு விழிஞ்ஞத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் பாரியோடு எண்ணப்படும் ஆய் அண்டிரனின் பெயரைத் தாங்கிய பிற்கால ஆய் மன்னர்களின் துறைமுகம் இதுதான். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சிறு குடைவரை ஒன்று, வாசலின் இருபுறமும் செதுக்கி முடிக்காத சிவ வடிவங்களோடு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முல்லை படரப் பாரி தேரைக் கொடுத்தான். முல்லைக்குத் தண்ணீர் யார் விட்டார்கள் என்ற பேச்சே எழவில்லை. எழ வேண்டியதும் இல்லை. அது காட்டில் தானாக முளைத்த கொடி. தனக்கு ஏற்ற இடத்தில், தனக்கு ஏற்ற கார்காலத்தில், முதல் வேரை ஆழத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் தலையை நீட்டியிருக்கும். நாம் வாங்கிவரும் முல்லை அப்படி இல்லை. நாற்றங்காலில் தினமும் தெளித்து வளர்த்தது, பையில் வேர் சுருண்டது, ஸ்கூட்டரில் கால்களுக்கிடையே வைத்துக் கொண்டுவரப்பட்டது. இடம் மாற்றியவர் நாம். மாற்றியதற்கான கடன் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நம் தலையில் விழுகிறது. தானாக முளைத்த செடிக்கும் நட்ட செடிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

கடனைத் தீர்க்கத் தண்ணீர் வேண்டும். விழிஞ்ஞத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. இந்தப் பக்கத்துக் குழாய்களுக்கு வெள்ளாயணிக் காயலிலிருந்து தண்ணீர் வருகிறது. தாமரையும் பறவைகளுமாகக் கிடக்கும் நன்னீர் ஏரி. கேரளத்தில் காயல்கள் அநேகம், அதில் நன்னீர்க் காயல்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. அங்கிருந்து வரும் தண்ணீர் மேட்டுத் தெருவுக்கு ஒரு மாதிரியும் கடற்கரைச் சந்துகளுக்கு வேறு மாதிரியும் வரும். துறையையொட்டிய வீடுகளில் கிணறு தோண்டினால் கரிக்கும். தெருக்குழாயடியில் மஞ்சளும் நீலமுமாகக் குடங்கள் காத்துக்கிடக்கும். 1991-இல் இங்கே மீன்பிடித் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரையொட்டிச் சென்னை ஐஐடியின் அலை மின்நிலையம் ஒன்றை நிறுவினார்கள், 150 கிலோவாட். நாட்டிலேயே அப்படியொன்று அதுதான் முதல். பிறகு அந்த அலையின் மின்சாரத்தைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் நடந்தது. இன்று அது இயங்கவில்லை. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெரிய துறைமுகத்தின் கிரேன்கள் இப்போது எல்லா மொட்டைமாடிகளிலிருந்தும் தெரிகின்றன. குடங்களின் வரிசையும் அதே மொட்டைமாடிகளிலிருந்து தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் பூச்செடிக்கு ஹோஸ் போட்டு அரை மணி நேரம் ஊற்றுவது வெறும் தோட்டக்கலைப் பிரச்சினை இல்லை. கீழ்ச்சந்தில் மீன் விற்கும் சேச்சி ஒருநாள் கூடையோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பூவினோ மோளே இத்ரேம் வெள்ளம்?” கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பது மாதிரிதான் கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளே வழியும் சொல்லிவிட்டாள். மீன் கழுவிய தண்ணீரை ஊற்று என்றாள். இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறிவேப்பிலையும் ரோஜாவும் அதில்தான் கொழிக்கின்றன. ஒரே நிபந்தனை, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவியதாக இருக்க வேண்டும். மீன்பெட்டியில் ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் உப்பு இருக்கும். அரளி தாங்கும், பிச்சி தாங்காது. அதோடு அரிசி களைந்தது, காய் கழுவியது, சோப்புப் படாத பாத்திரம் அலசிய முதல் தண்ணீர். ஒரு நடுத்தர வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வாளி சாதாரணமாகச் சேரும். நான்கைந்து புதுக்கன்றுகளை முறைவைத்து வளர்க்க அது தாராளம்.

சேரும் தண்ணீரை மண்ணில் நிறுத்துவது அடுத்த வேலை. நாஞ்சில்நாட்டில் கதம்பை என்று சொல்வோம், தேங்காய் உரித்த மட்டை. விழிஞ்ஞத்தில் அது கேட்டால் சும்மா கிடைக்கும். தென்னந்தோப்புக்காரர்கள் தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, கதம்பையைக் குழிவுப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போட்டு மூடுவார்கள். பெய்யும் மழை அந்தக் குழிவில் தங்கும், நார் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐந்தாறு வருடம் அதன் பலன் இருக்கும். பூச்செடிக் குழியின் அடியிலும் ஓரத்திலும் நான்கைந்து கதம்பை போட்டால் அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது. மேலே சருகு மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடக் கூடாது, நான்கு விரல் தள்ளித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் கறையான் ஏறும்.

கொஞ்சம் பழைய வழி இன்னொன்று உண்டு. பூச்சுப் போடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நிரப்பிவைப்பது. பானையின் உடலே கசியும். சுற்றுமண் காய்ந்தால் வேகமாகவும் ஈரமாக இருந்தால் மெதுவாகவும் கசியும், ஆள் பார்க்க வேண்டியதில்லை. சீனத்தில் ஃபான் ஷெங்-ச்சி என்பவர் எழுதிய வேளாண் நூல் இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. நம் தென்னந்தோப்புகளில் பானையில் துளை போட்டுத் திரி விட்டுச் செய்வார்கள். ஒரு பானைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிச்சி வைக்கலாம். வாயைச் சிரட்டையால் மூடிவைக்க வேண்டும். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். டெங்குக் காலத்தில் வீடு வீடாக வரும் ஆஷா பணியாளர் முதலில் பார்ப்பது அந்தப் பானையைத்தான்.

எதுவரை என்பதுதான் எல்லோரும் தப்பவிடும் கேள்வி. மழையை நம்புகிறவர் நட்ட அன்றே நிறுத்திவிடுகிறார், அன்பை நம்புகிறவர் நிறுத்துவதே இல்லை. விழிஞ்ஞத்துக் கணக்கில் இடவத்தில் நட்ட செடிக்கு முதல் கும்பமும் மீனமும் கழியும்வரை நம் பொறுப்பு. ஆவணி வெயிலில் வாரம் இரண்டு தடவை குழி நிறைய. துலாமழையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். தனுவிலிருந்து மறுபடி கவனம். அப்போது வட்டத்தை அகலமாக்கி, இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். மேடத்தில் கோடைமழை விழுந்ததும் கணக்கு முடிந்தது. இரண்டாவது கும்பத்தில் இலை வாடித் தொங்கினால் உடனே ஓடக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் அதற்கு ஆழத்தில் தண்ணீர் கிடைத்துவிட்டது. மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் வாளி.

பூவுக்கே கொஞ்சம் பட்டினி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காகிதப்பூ தண்ணீர் அதிகமானால் இலையாகக் கொட்டும், காயப்போட்டால் பூவாகக் கொட்டும். மல்லிகைத் தோட்டக்காரர்கள் கவாத்துக்கு முன்னால் பாசனத்தை நிறுத்திச் செடியைக் காயவிடுவார்கள். வெட்டிவிட்டு, எருவைப் போட்டு, பிறகு தண்ணீர் திறந்தால் புதுக்கொழுந்தோடு அரும்பு கட்டிக்கொண்டு வரும். பிச்சிக்கு டிசம்பர் கடைசியில் கவாத்து. இதெல்லாம் வேரூன்றிய செடிக்கான கண்டிப்பு. முதல் வருடக் கன்றிடம் இந்த வித்தையைக் காட்டக் கூடாது. எதை எப்போது மறுக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு வருடம் ஊற்றியாக வேண்டியிருக்கிறது.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் செய்கிறாய் என்று நாகர்கோவிலிலிருந்து வந்த அத்தை கேட்டாள். பதினோரு மாத ஒப்பந்தம். பிச்சி ஒழுங்காகக் கவாத்து செய்தால் பத்துப் பதினைந்து வருடம் பூக்கும். தொட்டியில் வைத்தால் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாமே என்றாள். தொட்டியில் வைத்த செடிக்குத் தண்ணீர் விடும் காலம் முடிவதே இல்லை, அதுதான் சிக்கல் அத்தை என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் அடுத்த வருடம் முன்பக்கம் கடை கட்டப் போவதாகவும் பேச்சு. கட்டினால் தெற்றி போகும். பிச்சி மதிலோரம் இருப்பதால் தப்பலாம்.

இந்தக் கும்பத்தில் பிச்சிக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டு வாளி, அடுக்களைத் தண்ணீர்தான். தெற்றிக்கு இது இரண்டாவது கோடை, விரல் பார்த்து முடிவு. அரளி கணக்கிலேயே இல்லை. பானையில் மிச்சமிருப்பதைச் சேச்சி கேட்டு வாங்கிப்போன பிச்சிக்கொம்புக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவள் திருவாதிரை வரட்டும், அதுவரை கொம்பை ஈரச்சாக்கில் வைத்திருப்பேன் என்கிறாள். ஜூன் வரை அது தாங்காது என்று சொல்லிப் பார்த்தாயிற்று.